தகட்டை மடக்கியவர்கள்

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த ஷெட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். யார், எங்கே இருந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஒருவர், ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று கையை விரிக்க இடம் இருக்கக்கூடாது.

மூலையில் நொறுங்கிய மூக்கோடு நின்ற காரின் இடது முன்சக்கரத்தருகே, ஒரு சாண் உயர முக்காலியில் பிரேக் அக்கா. அவளுக்கு எதிரே, படுக்கப்போட்ட பழைய டயரின் மேல் டயர்க்காரர். சுவரோரம், தீர்ந்துபோன பேட்டரிகளை அடுக்கி, அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டு வயர்மேன். கண்ணாடி அறைக்குள் சுழல் நாற்காலியில் மேஸ்திரி. ஐந்தாவது ஆள் நெட்டை டிரைவர். அவன் உட்காரவில்லை. முதல் சவாரிக்கு நேரம் இருந்ததால் இரும்புக் கதவில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். கோப்பை காலியாகி வெகுநேரம் ஆகியும் குடித்துக்கொண்டேயிருந்தான்.

அந்த டாக்ஸி கம்பெனியில் கார்கள் பதின்மூன்று. மூன்று கார்கள் நாலு மணிக்கே சவாரிக்குப் போய்விட்டன. ஒன்பது வெளி முற்றத்தில் பனி படிந்து நின்றன. பதின்மூன்றாவதுதான் இந்த மூலையில் நிற்பது. முந்தாநாள் மாலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய்ப் பாலச் சுவரில் மோதியது. ஓட்டியவனுக்கு மெதுவண்டி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் இல்லை, ஷெட்டில் வைத்தது. இப்போது வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

சக்கர நட்டுகள் நான்கு கழன்றன. ஐந்தாவது இடிபட்ட வேகத்தில் கோணி இறுகியிருந்தது. டயர்க்காரர் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி அதன் மேல் ஏறி நின்றார். அறுபது கிலோ உடம்பை இரண்டு முறை எம்பி விட்டார். மூன்றாவது முறை நட்டு ‘க்ரீச்’ என்று கத்திக்கொண்டு விட்டுக்கொடுத்தது. வயர்மேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏன்யா, பயந்தாங்கொள்ளி! நட்டுதான்யா” என்றார் டயர்க்காரர்.

“உங்க முழங்கால்னு நெனச்சேண்ணே.”

யாரும் சிரிக்கவில்லை. டயர்க்காரர் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து இறக்கி உருட்டிவிட்டார். எண்ணெயும் கருகிய தூசியும் கலந்த வாடை எழுந்தது.

கண்ணாடி அறையின் கதவைக் கொஞ்சம் திறந்து மேஸ்திரி பிரேக் அக்காவைப் பார்த்தார். “பத்து மணிக்கு வண்டிச் சோதனை அதிகாரி வர்றார். அதுக்குள்ள பழைய பிரேக் பேட எடுத்துட்டு, டப்பாவுல இருக்கிறதப் போட்டுடு. எடுத்தத என் கைல குடுத்துடணும். மொதலாளி சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?”

“விழுந்துச்சு” என்றாள் பிரேக் அக்கா.

டப்பாவில் இருந்தது புதுப் பேட் இல்லை. புதுசாக இருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வருமே! பாதி தேய்ந்த பேட்களாகத் தேடிப் பிடித்து, தகடு ஒழுங்காக நிமிர்ந்து நிற்கும் ஜோடியாகப் பொறுக்கி வைத்திருந்தார்கள்.

அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரின் சக்கரத்துக்குள்ளே இரும்புத் தட்டு ஒன்று சுழல்கிறது. பிரேக்கை மிதித்தால் ஒரு கவ்வி இரண்டு பக்கமும் இரண்டு பேட்களை அழுத்தி அந்தத் தட்டைப் பிடிக்கிறது. பிடிக்கப் பிடிக்கப் பேட் தேய்கிறது. பென்சில் முனை அளவுக்குத் தேய்ந்ததும், பேட்டின் ஓரத்தில் இருக்கும் நகத்தளவு எஃகுத் தகடு தட்டில் உரசிக் கீச்சென்று கத்தும். என்னை மாற்று, என்னை மாற்று என்று கத்துவதுதான் அதன் வேலை. வேறு வேலை அதற்கு இல்லை. இந்தக் கம்பெனிக் கார்களில் அது உள்பக்கத்துப் பேட்டில் மட்டும்தான் உண்டு.

பிரேக் அக்கா கவ்வியைக் கழற்றினாள். வெளிப்பக்கத்துப் பேட் கைக்கு வந்தது. சுண்டுவிரல் கனம், இன்னும் ஆறு மாதம் ஓடும். உள்பக்கத்துப் பேட்டை நெம்பினாள். பேட் இல்லை. பேட்டைத் தாங்கும் இரும்பு முதுகு மட்டும்தான் மிச்சம், நீலம் பாய்ந்து, ஓரம் கத்தி போல். கவ்வி நகரும் ஊசி துருவேறி இறுகியதில் உள்பக்கத்துப் பேட் ஒன்றே எல்லா அழுத்தத்தையும் வாங்கித் தேய்ந்து ஒழிந்திருந்தது. ஓரத்தில் அந்த நகத்தளவுத் தகடு. நிமிர்ந்து நிற்க வேண்டியது, காது மடங்கிய நாய் மாதிரி முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தது. அதன் மேல் இடுக்கியின் பல் தடம், நடுவில் ஒரு கோடு மட்டும் இல்லை. அவளுடைய இடுக்கிதான். நடுப் பல் உடைந்த இடுக்கி அந்த ஷெட்டில் வேறு யாரிடமும் இல்லை.

அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதை ஆரம்பித்து வைத்தது மெதுவண்டியேதான். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கீச்சென்கிறது என்று சவாரி வந்த யாரோ ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டார்கள். புகார் வந்தால் அன்று முழுவதும் வண்டி கிடையாது; அது கம்பெனிச் சட்டம். “அக்கா, உனக்குப் புண்ணியமா போகும், நாலு நாளைக்கு மட்டும் இத வாய மூட வைக்கா” என்று வந்து நின்றான். ஸ்டாக்கில் பேட் இல்லை. பாவம் பார்த்து மடக்கிவிட்டாள். ஐந்தாம் நாள் பேட் வந்ததும் மாற்றியும் கொடுத்தாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் மேஸ்திரி பார்த்துவிட்டார். மேஸ்திரி பார்த்தால் முதலாளி பார்த்த மாதிரி. அதற்கப்புறம் பதின்மூன்று கார்களுக்கும், புதுப் பேட் போடும்போதே தகட்டை மடக்கித்தான் போட வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு வந்தது. ஒரே ஒரு முறை கேட்டாள்: “புதுசுல எதுக்கு மேஸ்திரி?” “நீ இன்ஜினீயரா? சொன்னதச் செய்யி.” செய்தாள். வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர். டிரைவர்களிடம் இதை யாரும் சொல்லவில்லை. சத்தம் வரவில்லையா, பேட் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நம்பி ஓட்டினார்கள்.

டப்பாவிலிருந்த ஜோடியை எடுத்தாள். போலீஸ் வரும், முதலில் அவள் இடுக்கியைத்தான் கேட்கும் என்று தோன்றியது. இதை மாட்டிவிட்டால் இடுக்கியை யாரும் கேட்கப்போவதில்லை. மெதுவண்டி வேகமாக வந்து இடித்தான் என்று எழுதிக்கொண்டு போவார்கள். அவள் முதல் பேட்டைக் கவ்விக்குள் நுழைத்துவிட்டாள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அப்போதுதான் மெதுவண்டியின் மனைவி உள்ளே வந்தாள். இரண்டு ராத்திரி தூங்காத முகம், தோளில் துணிப் பை.

“அவரோட கண்ணாடியும் டார்ச்சும் வண்டிக்குள்ள இருக்காம். எடுத்துட்டு வரச் சொன்னாரு.”

நெட்டையன் ஓடிப்போய் நசுங்கிய கதவுக்குள் கையை விட்டு இரண்டையும் எடுத்துக் கொடுத்தான். “எப்படி இருக்கான் தங்கச்சி?”

“கால விட வாய்தான் வலிக்குது அவருக்கு. போலீஸ்காரங்க வந்து, நீ வேகமா வந்தேதானேன்னு அதையே கேக்குறாங்க.”

“அவனா? சைக்கிள்காரன் பெல் அடிச்சு ஒதுங்கச் சொல்லுவான் அவன! அதனாலதானே அந்தப் பேரே!”

“நானும் அதத்தான் சொன்னேன்.” அவள் டார்ச்சைப் பையில் போடப்போனவள் நிறுத்தினாள். “அவரு ஒண்ணே ஒண்ணுதாங்க திரும்பத் திரும்பக் கேக்குறாரு. ஏன் சத்தம் வரலன்னு. தெனமும் விடிகாலையில இந்த டார்ச்ச சக்கரத்து ஓட்டைல அடிச்சுப் பாப்பாரு. பேடு தடியா இருக்கு, சத்தமும் இல்ல, ஒரு கவலையும் இல்லம்பாரு. அன்னிக்குச் சாயங்காலம் திடீர்னு கரகரன்னு கேட்டுச்சாம். சவாரிய எறக்கிவிட்டுட்டு நேரா இங்கதான் வந்துக்கிட்டிருந்தாரு, அக்காகிட்ட காட்டணும்னு. அதுக்குள்ள...”

அக்காகிட்ட காட்டணும்னு. கண்ணாடி அறையில் நாற்காலி கிரீச்சிட்டது.

பிரேக் அக்கா கவ்விக்குள் நுழைத்த பேட்டை உருவிப் போட்டுவிட்டு எழுந்தாள். கழற்றிய இரண்டு பேட்களையும் மெதுவண்டி மனைவியின் இரண்டு கைகளில் வைத்தாள்.

“இது வெளிப்பக்கம். ஓட்டை வழியா பாத்தா இதுதான் தெரியும். அவரு பாத்தது சரிதான். இது உள்பக்கம். இத யாரும் பாக்க முடியாது. சக்கரத்தக் கழட்டணும். அதுக்குத்தான் இந்தத் தகடு. தேய்ஞ்சா கத்தும்.”

“கத்தலையே?”

“மடக்கியிருக்கு.”

“யாரு மடக்கினா?”

“நான்தான் தங்கச்சி.”

மெதுவண்டியின் மனைவி கனமான கையையும் கனமில்லாத கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அடித்திருந்தால் பிரேக் அக்காவுக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. ரொம்ப மெதுவாக, “எங்க வண்டிய மட்டுமா?” என்று கேட்டாள்.

“எல்லா வண்டியும்.”

தேநீர்க் கோப்பை கீழே விழுந்து உருண்டது. “என் வண்டியுமாக்கா?” நெட்டையனின் குரல் நெட்டையனுடையதாக இல்லை. “நேத்து நான் ஸ்கூல் பசங்க ஆறு பேர ஏத்திக்கிட்டு அதே எறக்கத்துல...” மீதியை முடிக்காமல் முற்றத்துக்கு ஓடினான்.

அங்கே ஏழெட்டு டிரைவர்கள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்ஜினை முடுக்கிவிட்டிருந்தான். நெட்டையன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினான்.

“டேய் மாப்ள, என்னடா, கிறுக்கு புடிச்சிருச்சா?”

“எறங்குடா. செத்துப்போவடா. எறங்கு.”

அதற்கப்புறம் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. யாரும் கோஷம் போடவில்லை. பயந்துபோன ஆட்கள் செய்கிற வேகத்தில் வேலை நடந்தது. டயர்க்காரர் ஜாக்கி வைக்க, டிரைவர்கள் நட்டுக் கழற்ற, பிரேக் அக்கா முட்டிபோட்டுப் போய் ஒவ்வொரு காரின் உள்பக்கத்துப் பேட்டையும் இறக்கிப் பார்த்தாள். முதல் கார், பாதி இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு தீக்குச்சிக் கனம். நெட்டையனின் வண்டி நான்காவது. அதில் ஒரு பேட் காகித அட்டை போல் வந்தது. அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

“அக்கா, ரெண்டு வாரம் முன்னாடி என் வண்டியில பிரேக் வெளக்கு எரிஞ்சுச்சே. வயர்மேன்தானே அணைச்சுக் குடுத்தான்?”

வயர்மேன் பக்கத்தில் வந்து நின்றான். “பிரேக் ஆயில் கொறஞ்சா அந்த வெளக்கு எரியும். பேடு தேயத் தேய ஆயில் மட்டம் எறங்கும். எறங்கினா பேடப் பாக்கணும். எனக்குத் தெரியும். ஆயில ஊத்து, வெளக்கு அணைஞ்சா அனுப்புன்னு மேஸ்திரி சொன்னாரு. ஊத்துனேன்.”

வெளியே போன மூன்று கார்களுக்கும் போன் போட்டார்கள். இரண்டு பேர் எடுத்தார்கள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டோம் என்றார்கள். மூன்றாவது அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்கள். எடுக்கவில்லை. மலைச் சாலைச் சவாரி அது. பிரேக் அக்கா கையில் ஸ்பானரோடு அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரக்குலை நடுங்குவது என்பார்களே, அது உண்மையிலேயே உடம்பில் ஓர் இடத்தில் நடக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். ஒன்பது கார்களும் முன்சக்கரம் இல்லாமல் கட்டைகளின் மேல் நிற்பதைப் பார்த்தார்.

“இது என்ன கூத்து? சவாரிக்காரங்க போன் பண்ணித் திட்டுறாங்க. யார் கழட்டச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். பயம் சொல்லுச்சு” என்றார் டயர்க்காரர்.

முதலாளி நேராகப் பிரேக் அக்காவிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. “தகட்ட மடக்கினது யார் கை?”

“என் கை.”

“நான் எழுதிக் குடுத்தேனா?”

“இல்ல சார்.”

“அப்போ கோர்ட்டுல யாரப் புடிப்பாங்க? நல்லா யோசி. உன்னக் காப்பாத்தத்தான் அந்த டப்பாவக் குடுக்கச் சொன்னேன். மாட்டிட்டுப் போ. நீயும் தப்பிச்சே, எல்லார் பொழப்பும் தப்பிச்சுது.”

“மெதுவண்டி, சார்?”

“அவன நான் பாத்துக்கிறேன்.”

“லைசென்ஸ் போயிடும். ஜெயிலுக்கும் போவாரு” என்றாள் மெதுவண்டியின் மனைவி. முதலாளி அவளை அப்போதுதான் பார்த்தார்.

பிரேக் அக்கா டப்பாவைப் பார்த்தாள். கடனே என்று தலையை ஆட்டிவிடலாம், ஒரு ஆட்டு, அவ்வளவுதான். கையில் பிசுக்கு காய்ந்து இறுகியிருந்தது. வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

“அந்தச் சக்கரத்த மாட்டினது நான் சார்” என்று பக்கத்திலிருந்து டயர்க்காரரின் குரல் வந்தது. “மடங்கியிருக்கிறதப் பாத்துக்கிட்டேதான் மாட்டினேன். என் பேரயும் எழுதிக்குங்க.”

“ஆயில் ஊத்தி வெளக்க அணைச்சது நான்” என்றான் வயர்மேன்.

“மொதல்ல மடக்கச் சொல்லிக் கெஞ்சினது எங்க வீட்டுக்காரரு. சத்தத்த நிறுத்தச் சொன்னேன்னு என்கிட்ட சொல்லியிருக்காரு; அது இதுதான்னு இப்பத்தான் புரியுது. அதுவும் சேரட்டும்” என்றாள் மெதுவண்டியின் மனைவி.

பிரேக் அக்காவுக்கு அப்போது சொல் வந்தது. “மாட்ட மாட்டேன் சார்.”

முதலாளி கண்ணாடி அறையைப் பார்த்துக் கூப்பிட்டார். “யோவ் மேஸ்திரி! நான் மடக்கச் சொன்னேனா? சொல்லுய்யா இவங்களுக்கு!”

மேஸ்திரி வாசற்படிவரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “சத்தம் வரக்கூடாதுன்னு சொன்னீங்க சார்” என்றார். தலையைத் தூக்காமலே, “ஒரு வண்டியிலயும் வரக்கூடாதுன்னு சொன்னீங்க” என்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில் முற்றத்தில் ஒரு கார் ஊர்ந்து வந்து நின்றது. மலைச் சாலைக்குப் போன கார். எல்லோரும் ஓடினார்கள். இறங்கிய டிரைவரை நெட்டையன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். “போன ஏன்டா எடுக்கல?”

“வண்டி ஓட்டும்போது எவன்டா போன எடுப்பான்? ஓட்டும்போது எடுக்காதேன்னு அந்தச் சுவத்துல நீதானேடா போர்டு எழுதின!”

அப்போதுதான் சிரித்தார்கள். அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிற சிரிப்பு. அவன் காரின் உள்பேட்டைக் கழற்றியபோது சிரிப்பு நின்றுபோனது.

முதலாளி ஓரமாகப் போய் யாரிடமோ போன் பேசிவிட்டுத் திரும்பினார். “அதிகாரி இன்னிக்கு வரல. திங்கக்கிழமதான் வர்றார். இடிச்ச வண்டிய மத்தியானம் வேற ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் உங்க சாமர்த்தியத்தப் பாப்போம்.”

“எப்படி சார் எடுப்பீங்க?” என்றான் நெட்டையன். மூலையில் நின்ற காருக்கும் வெளிக் கதவுக்கும் நடுவில் ஒன்பது கார்கள் சக்கரமில்லாமல் நின்றன. யாரும் வேண்டுமென்று அப்படி நிறுத்தவில்லை. நின்ற இடத்திலேயே கழற்றியதால் அப்படி அமைந்துவிட்டது. இனி அவர்களாக மாட்டினால்தான் நகரும்.

“பேடு மாத்தி, தகடு நிமிர்ந்து நிக்கிறத அதிகாரி வந்து பாக்குறவரைக்கும் ஒரு சக்கரமும் மாட்ட மாட்டோம்” என்றார் டயர்க்காரர்.

“எல்லாருக்கும் வேற ஆள் கெடைக்கும்” என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். அது வெறும் மிரட்டல் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டு டிரைவர்கள் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். ஒருவனுக்கு வீட்டில் பிரசவ நேரம். அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வயர்மேன் சோதனை அலுவலகத்துக்குப் போன் போட்டான். எழுத்தில் கொடுக்க வேண்டும், நேரில் வாங்குவதில்லை, பதிவுத் தபாலில் அனுப்புங்கள் என்று ஒரு சலித்த குரல் சொன்னது.

பிரேக் அக்கா கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். எட்டாவது வரை படித்தவள். கடிதம் எழுதும் முறை மறக்கவில்லை. இடது ஓரம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், பொருள், ஐயா. நடந்ததை நடந்த வரிசையில் எழுதினாள். எந்தக் கார், எந்தப் பக்கம், எவ்வளவு கனம் மிச்சம் என்று ஒவ்வொன்றாக எழுதினாள்.

“யாரு மடக்கினதுன்னு மட்டும் எழுதாம விட்டுடலாமேக்கா” என்றான் நெட்டையன். “கேட்டா அப்போ சொல்லிக்கலாம்.”

“அத விட்டா மத்ததையும் நம்ப மாட்டாங்கப்பா.”

எழுதினாள்: “தகடுகளை மடக்கியது நான். மாட்டச் சொன்ன பேட்களை மாட்டவில்லை. ஒன்றை நுழைத்து, பிறகு எடுத்துவிட்டேன். விளக்கை அணைத்தவரும், தெரிந்தே சக்கரம் மாட்டியவரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வர வேண்டியது வரட்டும். காரை ஓட்டியவர் மீது பழி போட வேண்டாம். அவருக்குத் தெரிந்திருக்க நாங்கள் வழி வைக்கவில்லை. நீங்கள் வரும்வரை மோதிய காருக்கு நாங்கள் முறை வைத்துக் காவல் இருப்போம். சீக்கிரம் வரவும். பயமாக இருக்கிறது.”

கடைசி வாக்கியத்தை அடிக்கச் சொன்னான் வயர்மேன். டயர்க்காரர் வேண்டாம் என்றார். “உள்ளத உள்ளபடி இருக்கட்டும்.”

கையெழுத்துகள் பதினான்கு. வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து சேர்ந்த இருவரோடு பத்து டிரைவர்கள், ஷெட்டில் மூன்று பேர், மெதுவண்டியின் மனைவி. அவள் கையெழுத்துப் போடும்முன் முழுவதையும் ஒருமுறை படித்தாள். பிரேக் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டு முடித்துப் பேனாவை அவள் கையில்தான் திருப்பிக் கொடுத்தாள். “ஆஸ்பத்திரிக்கு நீயும் வா. அவருகிட்ட நீயே சொல்லு.”

“வர்றேன்.”

தபால் நிலையத்துக்கு இரண்டு பேர் போனார்கள். பிரேக் அக்காவும் அவளும். மற்றவர்கள் நொறுங்கிய காரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிரேக் அக்கா உறையின் வாயில் பசை தடவி, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்தினாள். எவ்வளவு கழுவியும் போகாத கறுப்பு அங்கே ரேகையாக விழுந்தது.

கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பினார். “என்னம்மா இது? அனுப்புறவங்க பேருன்னு பதினாலு பேர எழுதி வச்சிருக்கீங்க? ஒரு பேருதான் பதிவேன்.”

“பதினாலு பேரும்தான் சார் அனுப்புறோம்” என்றாள் பிரேக் அக்கா.

“பதில் வந்தா யார் கைல குடுக்கிறது?”

“யார் அங்க இருந்தாலும் குடுங்க. யாராவது இருப்போம்” என்றாள் மெதுவண்டியின் மனைவி.

அவர் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிரேக் அக்கா கவுண்டர் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பேனாவைத் திறந்து, பதிவேட்டில் இடம் போதாமல், இரண்டு வரி எடுத்துக்கொண்டு பதினாலு பெயரையும் பொடியாக எழுதினார். முத்திரையை மையில் ஒற்றி உறையின் மேல் ஓங்கிக் குத்தினார். பின்னால் இருந்த சாக்கின் வாயை விரித்து உள்ளே போட்டார்.